தொலைபேசியில் சிரித்த சம்பந்தியம்மாள்

என் மகள் கருவுற்று ஐந்தாம் திங்கள் நடந்தபோது, என் மனைவியும் கருவுற்றிருப்பது தெரியவந்தது. அவளுக்கு அகவை நாற்பத்து நான்கு, எனக்கு ஐம்பத்திரண்டு. மூன்று திங்களாக விலக்கு நின்றதை முதுமையின் வருகை எனத் துணிந்து, நாள்தோறும் வெந்தயம் ஊறவைத்துக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டை மருத்துவர் அம்மையார் திரையைத் திருப்பிக் காட்டினார். வெந்தயத்துக்கு அடங்காத ஒரு நெஞ்சு அங்கே துடித்துக்கொண்டிருந்தது.

“கவனமா இருந்தா பெத்துக்கலாம். வேண்டாம்னா இந்த வாரமே சொல்லிருங்க” என்றார்.

வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நானே. தமிழ்த்துறைத் தலைவன், பேரன் பிறக்கும் வேளையில் தந்தையாவதா? குறுக்குத்துறையில் நீராடப் போனால் ஆறே சிரிக்கும் என்று தோன்றியது. மனைவியின் கவலை வேறு.

“ஊரு நாலு நாள் சிரிக்கும், பொறவு வாய் வலிச்சு நிறுத்திரும். மகளுக்குப் பேறு பாக்க வேண்டியவ நானே வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா, அவள யாரு பாப்பா?”

தலைப்பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்களிடையே மாறா வழக்கு.

அன்று மாலை, பேரப்பிள்ளைக்கென வாங்கிய தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. முகம் காணாத ஓர் உயிருக்குத் தொட்டில். முகம் காணாத மற்றோர் உயிரை அழிக்க ஒரு வாரத் தவணை. வேறுபாடு அவ்வுயிர்களிடம் இல்லை. எங்கள் வரவேற்பில் மட்டுமே இருந்தது. என் நாணம் என்னுடையது. அதைத் தீர்த்துக்கொள்ள அந்தப் பிள்ளையின் வாழ்நாளைக் கேட்க நான் யார்?

உடனே சாத்தான்குளத்திலிருக்கும் மகளின் மாமியாரை அழைத்து, தொண்டையைச் செருமினேன்.

“அம்மையீர், தங்களிடம் ஒரு செய்தி கூற வேண்டியுள்ளது.”

“ஐயோ அண்ணாச்சி, யாரு போய்ட்டாவ?”

“யாரும் போகவில்லை. ஒருவர் வருகிறார்.”

பேறு பார்க்க ஆளில்லாத இக்கட்டு வரை யாவும் விளக்கினேன். மறுமுனையில் எழுந்த சிரிப்பில் அவர் வீட்டுக் கோழிகள் கலைந்து கத்தின.

“மதினியா உண்டாயிருக்காவ! அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாதவுக மாதிரி இருந்துக்கிட்டு! ஆளில்லேன்னா பிள்ளையக் கலைப்பாவளா? நான் அங்கன வாறேன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டில மருந்து கிண்டுதேன்.”

மனைவி அலைபேசியைப் பறித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பெற்றுக்கொள்கிறோம் என்று மருத்துவரிடம் சொல்ல ஓடிய நான், கால் மாறிய செருப்போடு போய் நின்றேன்.

சொன்னபடியே சம்பந்தியம்மாள் பெட்டியும் கருப்பட்டியுமாக வந்திறங்கினார். சம்பந்தியை அமரவைத்துப் பரிமாறுவது முறை, அவரோ என்னை அடுக்களையில் நிறுத்தி, “பாத்துக்கிட்டே நிக்கீய? இஞ்சிய நசுக்குங்க” என்று ஏவினார். நசுக்கினேன். பேரன் பிறந்தான், இரு திங்கள் கழித்து என் இளைய மகள் பிறந்தாள்.

இப்போது இருவருக்கும் ஏழு வயது. நேற்றுப் பேரன் முறையிட்டான்: “தாத்தா, இவள சித்தின்னு கூப்பிட மாட்டேன். என்னவிட எளையவ!”

“கூப்பிடலேன்னா கடிச்சிருவேம்லே!” என்றாள் என் மகள், வாய் நிறைய முறுக்கோடு.

பிறவாமலே போயிருக்கக்கூடிய குரல் அது. கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. சித்தியைச் சித்தி என்றே அழைத்தல் வேண்டும் எனத் தீர்ப்பு வழங்கினேன்.