அண்ணி மருந்தடிக்காமல் விட்ட இடம்

அண்ணியின் சட்டையில், முதுகுப் பக்கம், எப்போதும் ஓர் ஈரத்தடம் இருக்கும். களையைக் கருக்கும் புல்லு மருந்து அடிக்க முதுகில் மாட்டும் பம்பு கசிந்துகொண்டே இருந்ததால் வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் அந்த இடத்தில் துணி வெளுத்துப் பழுப்பாகத்தான் தெரியும். புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் அந்தப் பம்பைச் சுமந்தவர் அவர். அண்ணன் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்தார். தோட்ட வீடு அண்ணியின் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது.

நான் சுங்கை பட்டாணியில் உயிரியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அண்ணி ஏதாவது ஒரு செடியைப் பிடுங்கி வைத்திருந்து பெயர் கேட்பார். "சாவடிக்கிறதுக்கு முன்னாடி பேராவது தெரிஞ்சுக்கலாம் இல்ல தம்பி" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

செம்பனை மரங்களின் அடித்தண்டில் தொற்றி வளரும் புறா ஆர்கிட் வருடத்தில் சில நாட்கள் மட்டும், தோட்டம் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். பெருமழை பெய்த ஒன்பதாம் நாள் அது பூக்கிறது என்பதை அண்ணி தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். புத்தகத்தில் படித்தே அறிந்திருந்த எனக்கு அது வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க நிறையப் பேசினேன். திடீர்க் குளிர்ச்சியில் மொட்டுகள் விழித்துக்கொள்வதைச் சொன்னேன். எல்லாம் ஒரே நாளில் பூத்தால்தான் தேனீ ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போகும் என்றேன். ஆர்கிட் குடும்பத்தில் மரத்தில் வாழ்வதும் பாறையில் வாழ்வதும் மண்ணில் வாழ்வதும் உண்டு; பெண் குளவியைப் போலவே உருவெடுத்து ஆண் குளவியை வரவழைக்கும் பூ உண்டு; தேனே இல்லாமல் வாசனை காட்டி ஏமாற்றுவதும் உண்டு. எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தவை.

அண்ணி குழம்பு ஊற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "இலையே இல்லாத ஆர்கிட் இருக்கா?" என்றார்.

அடுத்த வாரம் கூட்டிப் போய்க் காட்டினார். தோட்டத்தின் எல்லையில் ஓர் ஓடை. கரையில் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரங்கள் நாலைந்தும் ஒரு மூங்கில் புதரும். அந்த நிழலில், அழுகிய சருகுக்கு நடுவே, ஒரு சாண் உயரத்தில் பழுப்புத் தண்டுகள். நுனியில் மங்கலான சிறு மணிகளாகப் பூக்கள். எங்கும் பச்சையே இல்லை. சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் மருந்து படாமல் இருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார், மருந்தை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிச் சமாளிப்பேன் என்றார் அண்ணி.

குனிந்து கைபேசியில் படம் எடுத்தேன். இந்த ஆர்கிட்டின் முன்னோருக்கு இலை இருந்தது, மண்ணுக்குள் இருக்கும் காளானிடமிருந்தே உணவை எடுத்துக்கொள்ளக் கற்றதும் இலை தேவையில்லாமல் போய்விட்டது என்று விளக்கினேன்.

"வேலை செய்யாம உக்காந்து திங்கிறானா? அப்போ இவனும் தொர தான் லா தம்பி" என்றார். அன்று ரொம்ப நேரம் சிரித்தோம்.

வீடு திரும்பியதும் படத்தை ஃபேஸ்புக்கில் ஓர் ஆர்கிட் ஆர்வலர் குழுவில் போட்டேன். பாராட்டுகள் குவிந்தன. முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிபுணர் என்று அழைத்து, எங்கே கண்டீர்கள் என்று பணிவாகக் கேட்டார். எந்தச் சாலை, எந்தப் பாலம், பாலத்திலிருந்து எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் எழுதினேன். நிபுணர் என்ற அந்த ஒரு சொல்லுக்காக.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஓடைக்கரை முழுவதும் குழிகள். ரப்பர் மரங்களில் தொற்றியிருந்த ஆர்கிட்டுகளையும் கிளையோடு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இலையில்லாச் செடி தன் காளானை விட்டுப் பிரிந்தால் எந்தத் தொட்டியிலும் பிழைக்காது. எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

வேலி அறுபட்டதை விசாரிக்க வந்த தோட்ட நிர்வாகம், ஏன் அங்கே மட்டும் மருந்து அடிக்கவில்லை என்று கேட்டது. மண்டோர் அண்ணியைக் கைகாட்டினார். வெளியாட்களைக் கூட்டி வந்தவர் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரசாங்க வேலை, அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் போனது, பள்ளியில் பேச்சு என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டு, படத்தை மட்டும் நீக்கினேன். யார் சொல்லி வந்திருப்பார்கள் என்று அண்ணன் கேட்டபோது, "எனக்கு என்னண்ணே தெரியும்?" என்றேன்.

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றார். அந்த இடத்துக்கு அவர் என்னைத் தவிர யாரையும் கூட்டிப் போனதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார்.

லாரியில் சாமான் ஏற்றிய அன்று உதவிக்குப் போனேன். கட்டிலின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை அண்ணியும் பிடித்திருந்தோம். அண்ணன் வெளியே நின்றார். "அந்தப் படத்துக்கு எத்தன பேரு லைக் போட்டாங்க?" என்று கேட்டார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. எனக்கு எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். கட்டிலைப் பார்த்து மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.

இப்போது அவர்கள் சுங்கை பட்டாணியில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், நான்காவது மாடியில் இருக்கிறார்கள். அண்ணி ஒரு பேரங்காடியில் தரை துடைக்கிறார். தீபாவளிக்கு அண்ணன் மட்டும் வந்து போவார். அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்பார், நானும் நம்புவதுபோல் தலையாட்டுவேன்.

போன மாதம் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அண்ணி வந்திருந்தார். மகளை அணைத்து நெற்றியில் முத்தமிட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணி" என்றேன். அவர் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நல்லாயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.