கிள்ளானில் வாங்காத வீடு

லாயரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த அந்தக் காலை வேளை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் முதல் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே பூக்கடை. ஜன்னல் வழியாக மல்லிகை வாசமும் பஸ் புகையும் ஒன்றாகவே ஏறி வரும்.

அப்போது நாங்கள் செந்தூலில் வாடகை பிளாட்டில் இருந்தோம். என் கணவருக்கு ரயிலில் பராமரிப்பு வேலை. கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. சமையலறை ஜன்னலில் நின்றால் ரயில் போவது தெரியும். அதைப் பார்த்ததுமே அவர் மனசுக்குள் குடியேறிவிட்டார். "எங்க லாயரே ரெண்டு பக்கமும் பாத்துப்பாருண்ணே, சீக்கிரம் முடிஞ்சிரும்லா" என்றார் ஏஜெண்ட். என் கணவர் தலையாட்டினார். விற்கிறவருக்கு வேலை செய்கிற லாயர் நமக்காக எப்படி வாய் திறப்பார் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உடன் வேலை செய்த ஒருத்தி சொல்லித்தான் லாயரம்மாவிடம் போனோம். முதல் சந்திப்பில் விலையைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீடு பார்க்கப் போனபோது எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்த ஒரு வயதான அம்மாவைச் சொன்னோம். வாடகைக்கு இருப்பவர் என்றுதான் நினைத்திருந்தோம்.

நில அலுவலகத்தில் தேடிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா விற்பவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டவர். தன்னைக் கேட்காமல் விற்கக்கூடாதென்று வீட்டின்மேல் கேவியட் போட்டுத் தடுத்து வைத்திருந்தார்.

"இத கோர்ட்டுல போய் எடுத்துடலாம். கிராண்ட் பத்திரம் தம்பி பேர்லதான் இருக்கு, அனேகமா நாம ஜெயிப்போம்," என்றார் லாயரம்மா. கண்ணாடியைக் கழற்றியது அப்போதுதான். "ஆனா அந்த அக்கா வெளிய வந்தாத்தான் நீங்க உள்ள போக முடியும். அவங்களுக்குப் போக வேற எடம் இல்ல. விசாரிச்சிட்டேன். முடிவு உங்களோடது."

எனக்கு அந்த வீடு வேண்டும் என்றுதான் இருந்தது. என் கணவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "வேணாம் மேடம்," என்றார். "அந்தம்மா கையால குடிச்சிட்டு வந்திருக்கோம்." லாயரம்மா எழுந்து வந்து, மாடிப்படி வரை எங்களுடன் நடந்தார்.

மறு ஆண்டு ரவாங்கில் வீடு வாங்கினோம். அதற்கும் லாயரம்மாதான். சாவி வாங்கிய நாளில் பூக்கடையிலிருந்து ஒரு முழம் வாங்கி வந்து, "தலையில வச்சிக்குங்க, புது வீட்டுக்குப் போறீங்க" என்று என் கையில் கொடுத்தார். வேறு எந்த அலுவலகத்தில் இது நடக்கும்?

சில வருஷங்களில் லாயரம்மா நோயில் போய்விட்டார். பிறகு என் கணவரும். ரவாங் வீட்டை என் பேருக்கு மாற்ற மகள் ஒரு இளம் லாயரைப் பிடித்தாள். நல்ல பிள்ளை, வேலையும் சுத்தம். "நேர்ல வரட்டுமா தம்பி?" என்று கேட்டேன். "கையெழுத்துக்கு மட்டும் ஒருக்கா வந்தா போதும் ஆன்டி, மத்ததெல்லாம் வாட்ஸ்அப்லயே பாத்துக்கலாம்," என்றார். என் கணவர் பேர் நீங்கி என் பேர் மட்டும் நின்ற செய்தியும் போனில்தான் வந்தது. நான் அப்போது பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அந்த வீடு வரும் என்று தெரிந்து, முன்னாலேயே எழுந்து கதவோரம் நின்றுகொண்டேன். வேறு சாயம் அடித்திருந்தார்கள். வாசலில் அந்த அக்கா, நன்றாகக் கூன் விழுந்து, ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரயில் கடந்துவிட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். என் கணவர் எண்ணும் இருந்தது, லாயரம்மா எண்ணும் இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டேஷன் வரை நின்றேன்.