மேலே கொதி, அடியில் கல்

தேன் எடுப்பதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. புத்தகமோ பயிற்சியோ இல்லாமல், தேனீயிடம் கொட்டு வாங்கியே கற்றுக்கொண்டவள். கணவர் இறந்த பிறகு தேன் கொட்டகை அவள் தலையில் விழுந்தது. கூட உழைக்கக் கொழுந்தன் ஒருவன். உறைந்த தேனை இளக்குவது மட்டும் இருவருக்கும் தீராத தலைவலி.

குளிர் வந்தால் டிரம்முக்குள் தேன் கெட்டியாகிவிடும். மூடியை இறுக்கி, வெளியே மின்சூட்டுப் பட்டையைக் கட்டி, இளகியதும் அடிக்குழாயில் பிடிக்க வேண்டும். பட்டையை டிரம்மின் மேற்பக்கம் கட்டுவதே அந்தக் கொட்டகை வழக்கம். அங்கே உள்ள புடைப்பில் அது நழுவாமல் உட்காரும், குனியவும் வேண்டாம். பிறகு மேலே குச்சியை விட்டுப் பார்ப்பார்கள், தேன் இளகி ஒழுகும். குழாயைத் திறந்தால் சொட்டு வராது. உடனே சூட்டைக் கூட்டுவார்கள். போன டிரம் அப்படித்தான் கருகிப்போக, தேன் வாங்கும் நாட்டு மருந்துக்காரர் திருப்பி அனுப்பினார். மிச்சம் இருந்தது ஒரே டிரம். அதுவும் கெட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை அவள் டிரம்மைத் தடவிப் பார்த்தாள்.

"தொட்டுப் பாரு. மேல கை வைக்க முடியல, அடி கல்லு மாதிரி கெடக்கு."

"இன்னும் கொஞ்சம் கூட்டினா சூடு எறங்கிடும் அண்ணி."

"எங்க எறங்கும்? சூடானது லேசாகி மேலயே மெதக்குது. சொகமா படுத்திருக்கிறவன் கீழ வருவானா, உன்ன மாதிரி?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

"பட்டையை அடியில கட்டு. அங்க சூடானது மேல ஏறும், ஆறினது கீழ வரும். தானா சுத்தும்."

"நழுவுமே."

"செங்கல் முட்டுக் கொடு. மூடியைத் திறந்து திறந்து பாக்காத."

சூட்டைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் குழாயைத் திறந்தபோது தேன் கயிறாக இறங்கியது. கொழுந்தன் பல்லைக் காட்டினான். அவள் பிடித்த பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். நிறம் கருத்திருந்தது.

மேலே கருத்துப்போன தேன் நேற்றுவரை ஒரு வாளி அளவுக்குத் தனியாக மிதந்திருக்கிறது. அவள் சுற்றவிட்டதில் அது டிரம் முழுக்கக் கலந்துவிட்டது.

"மேல இருந்ததை முதல்ல மொண்டிருக்கணும்டா."

"மூடியைத் திறக்காதன்னது நீங்கதானே?"

பட்டையை இடம் மாற்றிய மூளைக்கு, அதை மாற்றும் முன் ஒரு வாளியை எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மத்தியானம் மருந்துக்காரர் வந்து, ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மருந்துக்கு ஆகாதும்மா."

"பாதியாவது எடுத்துக்கங்க ஐயா."

"எந்தப் பாதியை? எங்க மொண்டாலும் ஒரே மாதிரிதானே இருக்கு."

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கொழுந்தன் சரியாக மூடாமல் விட்டுச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி அடைத்தாள்.