குத்திப் பார்த்த பார்சல்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் நரம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுத்த கை, காய்ந்த கை, நாலு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கை, எதுவானாலும் சரி. ரப்பர் பட்டையைக் கட்டி இரண்டு விரலால் தடவினால் போதும், நரம்பு தானாக மேலே வந்து அவளுக்கு முகம் காட்டும். பதினாலு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து சிடுசிடுக்கிற ஆட்களில் தொடங்கி, மூடி சரியாகத் திருகாத மூத்திரக் குப்பி, சளி டப்பா என்று நாள் நகரும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"உடம்புலேர்ந்து வர்றது எதுவும் அசிங்கம் இல்லடி. கை கழுவினா போச்சு" என்பாள்.

அவளுடைய நாற்பத்தைந்தாம் வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து மார்பையே எடுத்துவிட்டார்கள். நாலு மாதத்தில் தேறி வேலைக்குத் திரும்பினாள். உயிர் பிழைத்ததே பெரிது என்று ஊரே சொன்னது, அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் கோட்டு மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் காற்றில்லாத பலூன் போலத் தொங்கியது. மகளுடைய பழைய காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டாள். ஒரு நாள் ஒரு முதியவர் கையில் குனிந்து ரத்தம் எடுக்கும்போது அந்தச் சுருள் நழுவிக் கழுத்தெலும்பு வரை ஏறிவிட்டது. அந்த மனிதர் பார்க்காதது போலச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அந்தத் திரும்பிய முகம் அவளை விடவில்லை.

மருந்துக்கடையில் செயற்கை மார்பு ஒன்று கிடைத்தது. அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு கனம். நிறமோ, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியின் நிறம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டு கலரே இல்லையேம்மா. யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டாங்க போல" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் செல்போனில் தேடித் தேடி அந்தக் கடையைக் கண்டுபிடித்தாள். கடை என்றால் பெரிய கடை இல்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண், தன் வீட்டின் பின்னறையில் அளவெடுத்து சிலிக்கான் மார்பு செய்து, ஒரு விற்பனைச் செயலி வழியாக உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இவர்கள் மொழி தெரியாது, இவர்களுக்கு அவள் மொழி தெரியாது. செயலியே மொழிபெயர்த்துக் கொடுத்தது. முதல் செய்தி இப்படி வந்தது:

"அன்புள்ள வாங்குபவரே, தங்களிடம் மீதமுள்ள மார்பகத்தைக் காகிதத்தின் மேல் வரைந்து மகிழ்ச்சியுடன் அனுப்பவும்."

மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. ஆனாலும் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, பென்சிலால் கவனமாகச் சுற்றி வரைந்தாள். தோலின் நிறம் மாறாமல் தெரிய, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமும் எடுத்து அனுப்பினாள்.

பணம் கட்டிய அன்று அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு செய்தி. "ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நாட்டுக்கு நான் அனுப்பியதில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. ஒன்று எங்கே போனது என்று தெரியவே இல்லை. மற்ற கடைக்காரர்கள் பெட்டியின் மேல் தோள்பட்டை மெத்தை என்று எழுதுகிறார்கள். எனக்குப் பொய் எழுத வராது. உள்ளே இருப்பதைத்தான் எழுதுவேன். பரவாயில்லையா?"

"எழுதட்டும்டி. நாம என்ன திருட்டுச் சாமானா வாங்கறோம்?" என்றாள் நரம்பக்கா.

பார்சல் ஒன்பதே நாளில் கடலைத் தாண்டி நாட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு நின்றது. 'சுங்கப் பரிசோதனையில் உள்ளது.' மகள் தினமும் பல் துலக்குவதற்கு முன்னால் அந்த வரியைப் பார்ப்பாள். நாற்பத்து மூன்று நாள் அதே வரி. கூரியர்காரர்களுக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்து, "கஸ்டம்ஸ்ல கேளுங்க மேடம்" என்பாள். கஸ்டம்ஸுக்குப் போன் செய்தால், "கூரியர்லயே கேளுங்க."

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா என்னைக் கூப்பிடுவாங்க. நான் போய்க் கதவைத் திறப்பேன். இதுக்கு யாரைத்தான் கூப்பிடறது?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் கஸ்டம்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொருளின் தன்மை ஆட்சேபத்துக்குரியது என்று சந்தேகிக்கப்படுவதால், உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டுமாம். ஆட்சேபத்துக்குரியது. அந்தச் சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். "நானும் கூட வரேன்" என்ற கணவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, காலை வேலையை முடித்த கையோடு, வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே போனாள்.

வெளிநாட்டுப் பார்சல் அலுவலகம் ஒரு நீளமான கூடம். கூரைவரை தகர அலமாரிகள். ஒவ்வொன்றிலும் வயிறு கிழிந்த பெட்டிகள். பிரித்த டேப் வாலாகத் தொங்கியது. எங்கோ உடைந்த சென்ட் பாட்டிலின் வாசமும் ஏதோ தின்பண்டம் அழுகின நாற்றமும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தன. 'உடையும் பொருள், கவனம்' என்று எழுதியிருந்த பெட்டியின் மேல் ஒருவர் காலை நீட்டிப் போட்டுச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் அடையாள அட்டை நகல்களைப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைகள் போல விழித்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மதிப்பீட்டு அதிகாரி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு. பக்கத்தில் ஒரு குமாஸ்தா.

"இது யாருக்கு வந்தது?" அதிகாரியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எனக்குத்தான் சார்."

அவர் பெட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்து, ஸ்டேப்ளருக்கும் டீ கிளாஸுக்கும் நடுவில் வைத்தார். பார்த்த மாத்திரத்திலேயே அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் நிறம். அவள் உடம்பின் சரிவு. அந்த முகம் தெரியாத பெண் அப்படிச் செய்திருந்தாள்.

குமாஸ்தா கட்டைவிரலால் அழுத்தி விட்டார். "பாருங்க சார், அமுக்கினா அப்படியே எழும்புது!" பின் மேஜையிலிருந்து இன்னொருவர் எழுந்து வந்தார். "எங்க, நானும் ஒரு அமுக்கு." மூன்று பேரும் சிரித்தார்கள்.

"என்னம்மா இது? பெரியவங்க விளையாட்டுச் சாமானா?" என்றார் அதிகாரி.

"ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க சார். அந்த இடத்துல வெச்சுக்கறது. பெட்டி மேலயே எழுதியிருக்கே."

"எழுதியிருந்தா? தோள்பட்டை மெத்தைன்னு போட்டிருந்தா நான் பாட்டுக்கு விட்டிருப்பேன். இந்த மாதிரி வார்த்தையைப் போட்டா பிரிச்சுப் பாக்காம என்ன பண்றது?"

அவள் டாக்டரின் கடிதத்தை நீட்டினாள். அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மருத்துவக் கருவின்னா தனி அனுமதி வேணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். அழகு சாதனம்னு போடறேன். வரியைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுங்க."

"அழகு சாதனமா?"

"பின்ன? இது இல்லேன்னா செத்தா போயிடுவீங்க?"

அவள் பொருளைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் மூன்று ஓட்டைகள். உள்ளிருந்த பசை கசிந்து வெளியே வந்திருந்தது. அதில் தூசி, சணல் நார், யாருடையதோ ஒரு முடி.

"இது என்ன சார்?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா? மாத்திரை, பவுடர்னு எதை எதையோ வெச்சு அனுப்பறானுங்க."

"எதால குத்தினீங்க?"

குமாஸ்தாவின் பார்வை பேனா ஸ்டாண்டுக்குப் போனது. மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் நுனியில் பசை உலர்ந்து பளபளத்தது.

ஊசிபிடித்தே வாழ்ந்தவள் அவள். முதல் குத்தில் நரம்பு தவறினால், குத்துப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்காமல் அவள் இரண்டாம் முறை தொட்டதில்லை. இங்கே மூன்று குத்து. பக்கத்துப் பக்கத்தில்கூட இல்லை, மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. சும்மா குத்திப் பார்த்திருக்கிறார்கள். பையைத் திறந்தாள். கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அந்த மார்பை மேலிருந்து கீழாக நிதானமாகத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. அதை அதிகாரியின் முன்னால் வைத்துவிட்டு அடுத்த பஞ்சை எடுத்தாள். அதுவும் கறுத்தது. நாலு பஞ்சுகள் அவர் மேஜையில் சேர்ந்தன.

"இது எல்லாம் உங்க விரல்ல இருந்தது சார்."

"என்னம்மா, ஆபீஸை ஆஸ்பத்திரி ஆக்கறீங்க?"

"ஆஸ்பத்திரியில தொடறதுக்கு முன்னாடி கேப்பாங்க."

குமாஸ்தா திடீரென்று ஏதோ கோப்பைத் தேடப் போய்விட்டார். அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளினார். 'பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது.

"இது பொய். மூணு இடத்துல குத்தியிருக்குன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அந்த மாதிரி எழுத இதுல இடமே கிடையாதும்மா. வேணாம்னா சொல்லுங்க, திருப்பி அனுப்பிடறோம். போற வழியில என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது."

பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளும் இதே மேஜைக்குத்தான் வர வேண்டும். வரியைக் கட்டினாள், கையெழுத்தும் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே எறும்பெழுத்தில் 'மூன்று குத்து' என்று எழுதினாள். அதிகாரி கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல இருந்துவிட்டார். வெளியே வந்து, கட்டடத்தின் பின்பக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு குடலைப் புரட்டி வாந்தி எடுத்தாள்.

வீட்டில் மகள் அதைப் பார்த்ததும் கொதித்துப் போனாள். அம்மா முகம் கழுவிவிட்டு வருவதற்குள் செயலியில் புகார் கொடுத்துவிட்டாள். ஐந்தே நிமிடத்தில் பதில்: 'விற்பனையாளரிடமிருந்து உங்கள் தொகை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

"ஏன்டி, அந்தம்மாகிட்டேர்ந்தா பிடுங்கினாங்க? அவ என்ன பண்ணா?"

"வேற பட்டனே இல்லம்மா. பொருள் வரலை, தப்பான பொருள், உடைஞ்ச பொருள். இந்த மூணுதான் இருக்கு. கஸ்டம்ஸ்காரன் குத்தினான்னு எங்க போடறது?"

புகாரைத் திரும்பப் பெறவும் வழி இல்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் செய்தி வந்திருந்தது. "அன்புள்ள வாங்குபவரே, ஓரங்களைக் கவனமாகத்தான் ஒட்டினேன். நான் எங்கே தவறு செய்தேன்?"

கோணி ஊசியை விட அது ஆழமாக இறங்கியது. நடந்தது அத்தனையையும் நரம்பக்கா சொல்லச் சொல்ல மகள் தட்டி அனுப்பினாள். பணத்தைத் திருப்பித் தர வேறு வழி தெரியாததால், அதே பொருளை மறுபடி வாங்குவதாகப் போட்டுப் பணம் கட்டி, 'எதுவும் அனுப்ப வேண்டாம், இது உங்களுக்குச் சேர வேண்டியது' என்று குறிப்பு எழுதினார்கள். அந்தப் பெண் உடனே பதறிக்கொண்டு பதில் எழுதினாள். ஏழு நாளுக்குள் எதையும் அனுப்பாவிட்டால் செயலி ஆர்டரை ரத்துசெய்து, அவள் கடையையும் பட்டியலில் கீழே தள்ளிவிடுமாம். ஏற்கெனவே நாலு கெட்ட பெயர் வாங்கியாயிற்றாம். அதனால் அனுப்புகிறேன் என்றாள்.

பதினோராம் நாள் கூரியர்காரர் வந்து மணி அடித்தார். பெட்டி பிரிக்கப்படவில்லை. ஒரு மூலைகூட நசுங்கவில்லை. மேலே அச்சடித்த எழுத்தில்: 'தோள்பட்டை மெத்தை.' உள்ளே புதிய மார்பு. கூடவே, செயலியின் மொழிபெயர்ப்பைப் பார்த்து அந்தப் பெண் தன் கையாலேயே, ஒரு குழந்தை எழுதுவது போல வரைந்த தமிழெழுத்தில், ஒரு துண்டுச் சீட்டு: "மன்னிக்கவும்."

"வந்துடுச்சும்மா! பாரு, ஒரு கீறல்கூட இல்ல!" என்று மகள் குதித்தாள். நரம்பக்கா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் எழுத வராது என்று சொன்னவள். அவளையும் எழுதவைத்துவிட்டார்கள். எழுதிய உடனே எல்லாக் கதவும் திறந்துவிட்டது. மேஜையில் சிரித்தவர்களை நினைத்தபோது இருந்ததை விட இப்போது வாய் அதிகமாகக் கசந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வாரம் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. கனமே தெரியவில்லை.

கணவர் வாசலில் நின்று பார்த்தார். "நல்லா இருக்கும்மா. இப்பவாவது சந்தோஷமா?"

"பொருந்துதுங்க" என்றாள் அவள். "அதை மட்டும் கேளுங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நிலையத்தில் அதற்குள் ஏழு பேர் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.