நாற்பத்து மூன்று அங்குலத் திரை

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனிக்குப் பேட்டர்ன் போடுகிறவன் நான். ஒரு ஷூவின் மேல்பாகத்தை எத்தனை தோல் துண்டுகளாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டும் என்ன வடிவத்தில் இருப்பது, தையலுக்கு எவ்வளவு ஓரம் விடுவது என்பதையெல்லாம் கணினியில் வரைந்து அனுப்ப வேண்டும். கொரோனா சமயத்தில் எங்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். எல்லாம் சரியான பிறகும் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையில் சாம்பிள் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் போய், தைத்து முடித்த சாம்பிள் ஜோடியைப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் வீடுதான்.

என் மனைவி நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே பல வருஷம் வேலை பார்த்துவிட்டு அயர்லாந்துக்குப் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "நீங்களும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு வருஷம் போகட்டும் என்றேன். அங்கே போய் நான் என்ன செய்வேன்? ஷூ பேட்டர்னைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஒரு வருஷம் போனது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் குறைத்துக்கொண்டாள்.

மாடியில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. முன்னறைக்குத் தகரக் கூரை. சித்திரை வைகாசியில் அங்கே மனுஷன் உட்கார முடியாது. அதனால் கணினியைப் படுக்கையறையில்தான் வைத்திருந்தேன். சுவரோரம் மேஜை, அதன்முன் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் கல்யாணத்தின்போது வாங்கிய இரட்டைக் கட்டில். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டில் சட்டத்தில் இடிக்கும். அவள் இருந்தபோது அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பாள். "இது இன்னா, நாக்கா?" என்பாள். ஷூவின் நாக்குதான் அது.

நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கோடுகள் கலங்க ஆரம்பித்தன. வெட்டுகிற கோடும் தைக்கிற கோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். என் பழைய பத்தொன்பது அங்குல மானிட்டரில் அவை ஒன்றாகத் தெரிந்தன. கண்ணாடி போட்டும் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஒருநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"இன்னா சார், முன்துண்டுல ஓரமே விடலயே. எங்க தைக்கறது?"

அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாயந்திரம் மனைவி வீடியோவில் வந்தபோது சொன்னேன். அங்கே அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

"கண்ண கெடுத்துக்காதீங்க. மானிட்டர மாத்துங்க. மாத்தறதுதான் மாத்துறீங்க, பெருசாவே வாங்கிடுங்க" என்றாள்.

வேலூர் பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாத் திரையிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில் சிறகு விரித்தது. கடைக்கோடியில் இருந்த நாற்பத்து மூன்று அங்குலத்தில் அந்தக் கிளியின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போல இருந்தது. நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் ஆறேழு அடி இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"வீட்ல எவ்ளோ தூரத்துல உக்காருவீங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஆம்பூர் பஸ்ஸில் அந்தப் பெட்டியை என் காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். "வூட்டுக்கு டிவியா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டருக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு கேள்வி வந்திருக்கும். வீட்டில் யார் யார் பார்ப்பீர்கள் என்றுகூட யாராவது கேட்டிருப்பார்கள்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு ஷூவின் எல்லாத் துண்டுகளையும் நிஜ அளவிலேயே பரப்பி வைக்க முடிந்தது. கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. சுவரிலிருந்து என் பக்கம் வரைக்கும் மேஜை இரண்டடிதான். மானிட்டரின் கால்களே அதில் பாதியை எடுத்துக்கொண்டன. அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கண் மட்டும் போகாது, தலையும் கூடவே போக வேண்டும். மேல் மூலைகளைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். சாயந்திரம் ஆனால் டென்ட் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்தவனைப் போல நெற்றிக்குள் ஒரு பாரம்.

மனைவியின் முகத்தை அதில் முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. போனில் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தவள், முறம் அளவுக்கு வந்து நின்றாள். மூக்குத் தண்டில் முகக்கவசம் பதித்த சிவப்புக் கோடு, கண்ணுக்குக் கீழே இரண்டு மடிப்பு, வகிட்டை ஒட்டிப் புதிதாக வந்திருந்த நரை எல்லாம் தெரிந்தன. முந்தின சாயந்திரங்களிலும் இவையெல்லாம் இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

"ராத்திரி தூங்கலயா நீ?" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"தெரியுது."

மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "நீங்க ஏன் கீழயே பாத்துட்டுப் பேசுறீங்க? என் மேல கோபமா?" என்றாள்.

அவள் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா திரையின் உச்சியில் இருந்தது. அவள் கண்களோ அதற்கு ஒரு சாண் கீழே. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தால் அவளுக்கு நான் தெரிவேன், எனக்கு அவள் தெரிய மாட்டாள். இதை விளக்கிச் சொன்னேன். சிரித்தாள். ஆனாலும் அடிக்கடி, "இங்க பாருங்க, இங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கழுத்து வலிக்கு ஒரே வழி தள்ளி உட்காருவதுதான் என்று முடிவு செய்தேன். சமையலறையில் கிடந்த பெஞ்சைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு அதன்மேல் மானிட்டரை ஏற்றினேன். அதற்கு முன்னால் மேஜையை நகர்த்திக் கீபோர்டை வைத்தேன். இப்போது தூரம் சரியாக இருந்தது. நாற்காலிக்குத்தான் இடமில்லை. அந்த இடத்தில் கட்டில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலைக் கழற்றினேன். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினேன். தலைமாட்டுப் பலகையையும் சட்டங்களையும் சுவரில் சாத்தினேன். மெத்தையைச் சுருட்டி முன்னறையில் போட்டேன். இரவுக்கு ஒரு பாய் போதுமே என்று இருந்தது. ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய கட்டில் என்று அன்றைக்கு நான் நினைத்ததும் உண்மைதான்.

மறுநாள் சாயந்திரம் அவள் கூப்பிட்டாள். பேச்சின் நடுவில் சட்டென்று நின்றுபோனாள்.

"பின்னாடி கட்டில் எங்கங்க?"

"கழட்டிச் சாத்தி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"மானிட்டர் பெருசா இருக்கில்ல. தள்ளி உக்காந்தாத்தான் கழுத்து வலிக்கல."

அவள் என் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"நான் வந்தா எங்க படுப்பேன்?"

"நீ வர்றப்ப மாட்டிடலாம். அரைமணி நேர வேலை."

"நான் வர்றப்ப" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு, "வார்டுக்கு நேரமாச்சு, வெச்சிடறேன்" என்றாள். திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் நானும், பின்னால் சாத்தியிருந்த சட்டங்களும் மங்கலாகத் தெரிந்தோம்.

அந்த வாரம் முழுக்க அவள் வீடியோவில் வரவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்று குரலில் மட்டும் இரண்டொரு முறை பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் மரியாதையாகப் பேசினாள். ஒரு சாயந்திரம் கம்பெனி வேலையை முடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வார்த்தை வாய்திறந்து பேசவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எழுந்து போய், மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துவந்தேன். பேட்டர்ன் வெட்டுகிற கத்தி என்னிடம் உண்டு. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை என்பதால் நீளம், உயரம் இரண்டையும் கணக்குப் போட்டு அட்டையில் வரைந்தேன். முப்பத்திரண்டுக்கு ஒன்று, இருபத்தேழுக்கு ஒன்று, இருபத்துநாலுக்கு ஒன்று என வெட்டினேன். கடையில் செய்திருக்க வேண்டிய வேலை. மானிட்டரைப் பெஞ்சோடு ஒதுக்கிவிட்டு, மேஜையைப் பழையபடி சுவரோரம் தள்ளி, ஒவ்வொரு அட்டையையும் அதில் நிறுத்தி எதிரில் உட்கார்ந்தேன். தலையை அசைக்காமல் நாலு மூலையும் பார்க்க முடிகிறதா, மேல் ஓரம் கண்ணுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தேன்.

முப்பத்திரண்டு ஆசையைக் கிளப்பியது, ஆனால் என் மேஜைக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. மூலைக்கு மூலை தலை லேசாக ஆடியது. இருபத்துநாலில் கழுத்துக்கு வேலையே இல்லை. ஆனால் துண்டுகளை நிஜ அளவில் வைத்தால் இரண்டுக்குமேல் கொள்ளாது, மறுபடியும் முன்னால் குனிவேன். இருபத்தேழை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். கையை நீட்டினால் விரல்நுனி அட்டையைத் தொட்டது. மூலைகள் நாலும் கண்ணுக்குள் இருந்தன. அப்படியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வீட்டு அம்மா வந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்காரம்மா அவர். அது நோன்பு மாதம். மாலையில் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவார். கதவு திறந்தே இருந்தது.

"இன்னா தம்பி, அட்டைய பாத்துட்டு உக்காந்துருக்கீங்க?"

"அளவு பாக்குறேம்மா."

"அதுல ஒண்ணும் தெரியலயே!"

"வெறும் அட்டைதாம்மா."

தூக்கை மேஜையில் வைத்தவர் சுவரில் சாத்தியிருந்த சட்டங்களைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வூட்ட காலி பண்றீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கட்டில எதுக்குக் கழட்டுனீங்க? உங்க வூட்டம்மா... இனிமே வரலன்னு சொல்லிட்டாங்களா?"

"வருவாங்கம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கே அது நம்புகிற மாதிரி கேட்கவில்லை. அவர், "கஞ்சி சூடா இருக்கு, ஆறறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்று இறங்கிப் போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. திறந்தே விட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மானிட்டரைத் திரும்பக் கட்டினேன். பெட்டியைத்தான் வெட்டிவிட்டேனே, பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வேலூருக்குப் போனேன். கடைக்காரர் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பிறகு, டியூஷன் சென்டர் ஒன்றுக்கு இந்த மாதிரிப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரிடமோ போனில் பேசினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க அந்தத் திரை பொருத்தம்தான். நான் இருபத்தேழை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரட்டைக் கட்டிலைக் கழற்ற ஒரு ஆள் போதும். மாட்ட இரண்டு பேர் வேண்டும். தலைமாட்டுப் பலகையை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தால்தான் மற்றவர் சட்டத்தைக் கோக்க முடியும். தனியாக முயன்று பார்த்துவிட்டு, கீழே போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே படுத்து போல்ட்டுகளை முடுக்கினேன். முடிந்ததும் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை குலுக்கிப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார்.

அன்று நானே அவளை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தாள். என் பின்னால் பார்த்தாள், பார்த்துவிட்டு வார்டில் நடந்த ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மூச்சுவிடாமல் சொன்னாள். புதுத் திரையில் அவள் முகம் ஏறக்குறைய அவள் முகத்தின் அளவிலேயே இருந்தது. மடிப்புகள் அவ்வளவாகத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் இப்போது நான் தினமும் கேட்டுவிடுகிறேன், தூங்கினாயா என்று.

தை மாதம் லீவில் வந்தாள். ஒரு மாதம் இருந்தாள். நான் வேலை பார்க்கும்போது கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளுக்குப் பேர் கேட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள், "அங்கயும் வீட்டுலேர்ந்து டிசைன் வேலை பண்றவங்க இருக்காங்க. உங்க கம்பெனிக்கே அங்கேர்ந்து அனுப்ப முடியாதான்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த வாரம் கம்பெனியில் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் வேலூருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன்.

போன வாரம் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். மாடியேறி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "தனியாவா இருக்கீங்க?" என்றார். இப்போதைக்கு என்றேன். கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம், ஆள் எப்படி என்று கேட்டார். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"தங்கமான மனுஷன் சார். ஒரு சத்தம் இருக்காது. மேல ஆள் இருக்குறாங்களா இல்லையான்னே சில நாள் தெரியாது" என்றார் அந்த அம்மா.

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.