காதுக்குப் பின்னால் அடிபடாது

வகுப்பறைத் திரையில் ஒரு குழந்தையின் மேலுதடு பெரிதாக விரிந்து நின்றது. உதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சவ்வு நடுவில் கிழிந்திருந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகளின் வாய்நலம் பற்றி, பல் சுத்தம் செய்யும் எங்களைப் போன்ற ஹைஜீனிஸ்டுகளுக்கு அங்கே மேற்பயிற்சி. “நடக்கப் பழகுற குழந்தை விழுந்தாலும் இது கிழியும். இதை மட்டும் வச்சு யாரையும் சந்தேகப்படாதீங்க,” என்றார் பேராசிரியை. “ஆனா விழுந்தா நெத்தியில, மூக்குலதான் அடிபடும். காதுக்குப் பின்னால அடிபடாது. ரெண்டும் சேர்ந்து இருந்தா கேளுங்க.” எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. அந்த இரண்டையும் சேர்த்து நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு, அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு ஒரு பெண் தன் நான்கு வயது மகளை அழைத்து வந்தார். பல்லில் கறை என்றுதான் வந்தார். குழந்தை அழவில்லை. திற என்றால் திறந்தது, மூடு என்றால் மூடியது. இவ்வளவு சமர்த்தாக ஒரு குழந்தையா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உதட்டை உயர்த்தினேன், சவ்வு கிழிந்து ஆறத் தொடங்கியிருந்தது. முடியை ஒதுக்கினேன், காதுக்குப் பின்னால் நீலம் பாரித்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் அந்த அம்மாவே, “கீய வுயுந்துட்டா சிஸ்டர். ஒரு எடத்துல நிக்கமாட்டா,” என்றார். நாற்காலியில் ஆடாமல் அசையாமல் கிடந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டேதான் நான் தலையாட்டினேன்.

கிளம்பும்போது அவர் சிரித்தார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் பார்த்துவிடலாமே என்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எனக்கு இன்னா சிஸ்டர், வுடுங்க,” என்றார். விட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் எங்கள் கிளினிக் டாக்டருக்குப் போன் செய்து அந்தக் குழந்தையின் விலாசம் கேட்டேன். “குடும்ப விஷயம்மா, நமக்கெதுக்கு?” என்றார்; ஆனாலும் கொடுத்தார். சென்னீர்குப்பத்தில் வரிசை வீடுகள். அந்த வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டபடியே, “ஊட்ட காலி பண்ணிக்கினு போய் ஒரு மாசமாவுது. எங்கன்னு யாருக்குத் தெரியும்? அந்தாளு குட்ச்சிட்டு வந்து போடாத சண்டையா?” என்றார். குழந்தை, என்றேன். “அது சத்தமே போடாது.”

குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்துத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இப்போதைய விலாசம் கேட்டார்கள். இல்லை என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். மறுநாள் ஃப்ளோரைடு பூசக் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள். டாக்டர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். யாராவது பாராட்டினால் நன்றி சொல்கிறேன்.

போன வாரம் ஆறு வயதுப் பெண் ஒருத்தி உதடு வீங்கி வந்தாள். அப்பாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எப்படி ஆச்சு என்று அவளிடமே கேட்டேன். சைக்கிளில் விழுந்தாளாம். எந்தத் தெரு, எவ்வளவு பெரிய கல், யார் யார் சிரித்தார்கள், எல்லாம் சொன்னாள். நெற்றியிலும் சிராய்ப்பு. உண்மைதான். ஆனால் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா, போலீஸ் மாதிரி விசாரிச்சினுகீற?” என்று கத்தினார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லாரையும் கேப்பேன் சார்,” என்றேன். கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அவளை வாயைத் திறக்கச் சொன்னேன். கை பட்டதும் தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். நன்றாக அலறட்டும் என்று காத்திருந்தேன்.