முப்பத்தொன்றாம் மாடி

இலங்கையிலிருந்து வந்த மகாலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், நாலாம் மாடியில் ஒற்றை அறை, லிப்ட் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனாலும் வாரம் ஐந்து நாள் விடியுமுன்னே எழுந்து, அடுத்தவர்களுடைய அலுவலகங்களைத் துடைக்கப் போகிறார். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்படித்தான் இந்த வம்புக்குள் வந்து விழுந்தேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பெயர் பெர்னார். தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் ஒரு தேநீர்க்கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். புண்ணியத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தால் மனைவி மர்கரீத்துக்கும் எனக்கும் சண்டை வருகிறது.

மகாலிங்கம் கொண்டுவந்த ஓய்வூதியக் காகிதத்தில் பதினொரு வருடங்களைக் காணவில்லை. 1991 முதல் 2002 வரை மனிதர் பிரான்சில் மூச்சு விட்டதற்கே சாட்சி இல்லை. விசாரித்தால், "அப்ப எனக்குக் காட் இல்லை ஐயா. மச்சான்ரை காட்டிலை வேலை செய்தனான்" என்றார். வதிவிட அட்டை கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்வது அந்தக் காலத்தில் வழக்கம். வியர்வை ஒருவருடையது, சம்பளச் சீட்டில் பெயர் இன்னொருவருடையது. மச்சான் கரிகாலனின் பெயரில் மொன்பர்னாஸ் கோபுரத்தில் பதினொரு வருடம் துப்புரவு வேலை. அங்கே எல்லோரும் அவரை "மிசியே கரி" என்றுதான் கூப்பிட்டார்களாம். கரி என்றதும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

வேலைக்கு வைத்த கம்பெனி எப்போதோ மூடிப் போய்விட்டது. உண்மையைச் சொல்லக் கரிகாலன் ஒருவர்தான் மிச்சம். அந்தப் பதினொரு வருடமும் சேர்ந்தால் மகாலிங்கம் இந்த வருடமே வாளியைக் கீழே வைக்கலாம். சேராவிட்டால் அறுபத்தேழு வரை முட்டுக்காலில் நிற்க வேண்டியதுதான். "என் அட்டையில் வேலை செய்தவர் இவர்தான்" என்று ஒரு கடிதம் எழுதினேன். கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் தேவை.

மூன்று மாதம் கரிகாலன் போனை எடுக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு நாக்கு துடித்தது. மகாலிங்கம் விடவில்லை. "காட்டுக்கு மற்ற ஆக்கள் எல்லாம் காசு வாங்கினவை. அவன் ஒரு சதம் வாங்கேல்லை ஐயா. எனக்கு இஞ்சை சோறு வந்தது அவனாலை" என்றார். அதுதான் சிக்கல். கேட்க உரிமை உள்ளவன் நன்றிக்கடனில் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் கரிகாலனே போனில் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்றதைக் கொண்டாட மகள் சிவாஜினி ஏற்பாடு செய்திருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை, மொன்பர்னாஸ் கோபுரத்தின் உச்சியில். திருத்த வேலைக்காக அதை மூடப் போகிறார்கள், அதற்குமுன் பார்த்துவிட வேண்டுமாம். "நீயும் வா மச்சான். அங்கை வைச்சுக் கையெழுத்துப் போட்டுத் தாறன்" என்றார். பிரெஞ்சில் இருப்பதை விளங்கப்படுத்த நானும் வர வேண்டும் என்று மகாலிங்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நம்பர் மெத்ரோ நேரே கொண்டுபோய் விட்டது. மகாலிங்கம் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். ஐம்பத்தாறாம் மாடிக்கு முப்பத்தெட்டு விநாடியில் போகும் லிப்டில் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அப்ப எனக்குத் தந்த கதவுக் காட் முப்பத்தொண்டாம் மாடியிலை மட்டும்தான் திறக்கும். பதினொரு வருசத்திலை அதுக்கு மேலை வந்ததில்லை."

மேலே வந்தால் கரிகாலனையும் மகளையும் காணோம். அவர்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள். அங்கே படியில்தான் ஏற வேண்டும். மகாலிங்கம் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். பின்னால் வந்த சுற்றுலாக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். என் பையில் கடிதமும் நல்ல பேனாவும் இருந்தன.

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. கரிகாலன் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. சிவாஜினி ஓடிவந்து, "மாமா" என்று மகாலிங்கத்தை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. பிறகு ஒரு பொட்டலத்தைத் தகப்பன் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள்.

உள்ளே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சம்பளச் சீட்டு. 1991 நவம்பர். கரிகாலன் பெயர். வேலை இடம்: மொன்பர்னாஸ் கோபுரம்.

சிவாஜினி பிரெஞ்சில் பேசினாள். "அப்பாவின் ஓய்வூதியப் படிவங்களை நிரப்பும்போது அலுமாரியில் ஒரு கட்டுச் சீட்டுகள் கிடைத்தன; அவர் பகலில் ரெஸ்டோரண்டில் நின்றது மட்டும்தான் எனக்குத் தெரியும்; நான் குழந்தையாகத் தூங்கிக்கொண்டிருந்த விடிகாலைகளில் இங்கே தரை துடைத்திருக்கிறார்; ஒரு நாளும் சொல்லவில்லை." அட்டை கரிகாலனுடையது, விலாசமும் அவருடையது. ஆகவே சீட்டுகள் அந்த வீட்டுக்கே வந்திருக்கின்றன. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த வருடங்களும் சேர்ந்துதான் தகப்பனின் ஓய்வூதியம் கிடைத்திருக்கிறது.

இப்போதாவது வாயைத் திற, மனுஷா, என்று கரிகாலனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மாடி, பப்பா?" என்று கேட்டாள் சிவாஜினி. "விடியும்போது அங்கிருந்து என்ன தெரியும்?"

கரிகாலன் கையை எடுத்து எங்கோ காட்டினார். "அது... எல்லாம் தெரியும் பிள்ளை. முழுப் பாரிசும் தெரியும்." அதற்குமேல் வரவில்லை. போனவனுக்கல்லவா தெரியும். அவள் காத்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம்தான் ஒரு பெண்ணைக் காத்திருக்க வைப்பது?

நான் பையின் ஜிப்பில் கை வைத்தேன். மகாலிங்கத்தின் கை வந்து என் கையின்மேல் அழுத்தியது.

"முப்பத்தொண்டு பிள்ளை," என்றார். "உங்கடை அப்பா எனக்குச் சொல்லுறவர். அஞ்சு மணிக்கு முன்னம் லைட்டைப் போடக் கூடாது, இருட்டிலைதான் குப்பை எடுக்கிறது. வடக்குப் பக்கத்துக் கடைசி மேசையிலை ஒரு மனுசி, ஒவ்வொரு நாளும் கோப்பிக் கறை. நத்தார் பண்டிகைக்கு அவ ஒரு சொக்கலேட் பெட்டி வைச்சவ. மேலை பேர் எழுதி, மிசியே கரிக்கு எண்டு. வெய்யில் வரேக்கை முதல் வெளிக்கிறது சக்ரே-கேர் கோயில். அதுக்குப் பின்னாலைதான் லா ஷப்பேல். பிள்ளை இப்ப அங்கை நித்திரையாய் இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு துடைக்கிறவர்."

சிவாஜினி அழுதுகொண்டே தகப்பனைக் கட்டிக்கொண்டாள். பிறகு தன் போனை மகாலிங்கத்திடம் கொடுத்து, ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்.

கீழே தெருவுக்கு வந்ததும் மகாலிங்கத்தைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் பைத்தியமா? உங்க பதினொரு வருஷத்தை உங்க வாயாலேயே எடுத்து அவருக்குக் குடுத்துட்டீங்களே."

"பிள்ளை கேட்டவள் ஐயா. அவனுக்குத் தெரியாது. வேறை ஆர் சொல்லுறது?" முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நாலு வருசம்தானே."

அப்போது கரிகாலன் எங்களை நோக்கி வேகமாக வந்தார். மகள் கார் எடுக்கப் போயிருந்தாள். "ஐயா, பேனை இருக்கோ?" என்றார் என்னிடம்.

மகாலிங்கம் நிமிர்ந்தார். பேனாவைக் கொடுத்து, கடிதத்தையும் பையிலிருந்து பாதி வெளியே எடுத்தேன். கரிகாலன் அதைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கோபுர டிக்கட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

"மச்சான், எத்தினையாம் மாடி எண்டு சொன்னனீ? முப்பத்தொண்டோ? பிள்ளை திரும்பக் கேப்பாள்."

"முப்பத்தொண்டு," என்றார் மகாலிங்கம். அவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "வடக்குப் பக்கம். அதையும் எழுது."